சென்றவர் சொல்லும் வழி: கதிர்வீச்சு மருத்துவம் பெற்ற பெண்களின் உரையாடலும் ஆற்றுப்படை மரபும்

முன்னுரை

நோயுற்றோர் தம் நோயைப் பற்றிப் பேசும் பேச்சு, நெடுங்காலம் மருத்துவக் குறிப்பேட்டுக்கு உரியதாகவே கருதப்பட்டு வந்தது. மேலைநாட்டில் அது திறனாய்வின் எல்லைக்குள் நுழைந்தது 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான். தமிழில் இன்னும் முழுமையாக நுழைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவம் பெற்ற நடுத்தர வயதுப் பெண்கள், அம்மருத்துவத்தைத் தொடங்கவிருக்கும் பெண்களிடம் தம் அனுபவத்தைச் சொல்லும் உரையாடலை ஓர் இலக்கிய வடிவமாகக் கொண்டு நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. களம் தென் கொல்கத்தாவின் டாலிகஞ்ச் பகுதி. அங்கும் அதனையொட்டிய லேக் மார்க்கெட் சுற்றுவட்டத்திலும் சில தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. நோய் என்னும் ஒரே பயணத்தில் தமிழ்ப் பெண்ணும் வங்கப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமரும் இடம் அது என்பதே இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணம்.

இவ்வகைப் பேச்சைச் சமூகவியலார் ஆராய்ந்துள்ளனர். மருத்துவத் துறையினரும் ஆராய்ந்துள்ளனர். இருவரும் அதிலிருந்து செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு வடிவத்தை விட்டுவிடுகின்றனர். வடிவத்தை விட்டுவிட்டால் செய்தியிலும் பாதி போய்விடும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பெயரற்ற பருவமும் பெயர் மாறிய உறுப்பும்

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் எனப் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தது நம் மரபு. பாட்டியல் வழக்கில் இறுதிப் பருவமாகிய பேரிளம்பெண்ணுக்குச் சொல்லப்படும் எல்லை பொதுவாக 32 முதல் 40 வயது வரை. உலா இலக்கியங்கள் அவ்வெல்லையோடு நின்றுவிடுகின்றன. நாற்பதைக் கடந்த பெண்ணுக்கு அவ்வரிசையில் பெயரே இல்லை. தலைவனைக் கண்டு மயங்குதற்குரியவளாக மட்டும் பெண்ணை அளந்த ஓர் அளவுகோல், அதற்கு அப்பால் அளக்க வேண்டிய தேவையை உணரவில்லை போலும்.

இந்தியப் பெண்களை மார்பகப் புற்றுநோய் பெரிதும் தாக்கும் பருவம் இப்பெயரற்ற பருவமே. மேலைநாடுகளை நோக்க, இங்கு இந்நோய் ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னதாக, 45 வயதை ஒட்டிய காலம் தொடங்கிப் பெருகக் காணப்படுகிறது. 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வோர் ஆண்டில் மட்டும் புதிதாக இந்நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 1,92,000 பேர். பிள்ளைகள் படிப்பை முடிக்கும் காலம், மாமியாரோ தாயோ படுக்கையில் விழும் காலம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் இந்நோய் வந்து நிற்கிறது. வீட்டில் எல்லாரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவள் அவளே. அவளை அழைத்துச் செல்ல யார் என்ற வினா எழும்போதுதான் வீடு முதன்முறையாகத் திகைக்கிறது.

பருவத்திற்குப் பெயர் இல்லை என்றால், உறுப்பின் பெயரோ மாற்றப்பட்டிருக்கிறது. சங்கப் பாடல்களிலும் காப்பியங்களிலும் பத்திப் பனுவல்களிலும் கூச்சமின்றி வழங்கிய ‘முலை’ என்னும் சொல் இன்று பொதுவெளியில் சொல்லத் தகாததாகிவிட்டது. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வெளிவந்தபோது அத்தலைப்பே கண்டனத்துக்கு உள்ளானமை நாம் அறிந்தது. மருத்துவத் தமிழ் தேர்ந்தெடுத்தது ‘மார்பகம்’ என்னும் சொல்லை. ‘மார்பு’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெண்ணுறுப்பைச் சுட்டியும் சுட்டாமலும் நிற்கும் நாகரிகம் ‘மார்பகம்’ என்பதில் உள்ளது. பேச்சில் அதுவும் வருவதில்லை. ‘மாருல கட்டி’, ‘நெஞ்சுல கட்டி’, சில வேளைகளில் ‘இங்க ஒரு கட்டி’ என்று கைக்குறிப்போடு நின்றுவிடும் சொல்லே பெண்களிடையே வழங்குவது. சொல்லத் தயங்கிய மாதங்களே கட்டி வளர்ந்த மாதங்கள் என்பதை எண்ணும்போது, சொல்வழக்கு பற்றிய ஆய்வு வெறும் அகராதிப் பணி அன்று என்பது விளங்கும்.

நோயின் பெயரும் கருதத்தக்கது. வங்கத்தில் ‘கர்க்கட் ரோக்’ என்பர், கர்க்கடகமாகிய நண்டு. ஆங்கிலச் சொல்லும் நண்டைக் குறித்த இலத்தீன் சொல்லே. சிவசங்கரியின் ‘நண்டு’ புதினம் இப்பொருளிலேயே அத்தலைப்பைக் கொண்டது. அதனை மகேந்திரன் 1981இல் திரைப்படமாக்கினார். தமிழ் தானாக ஆக்கிக்கொண்ட உருவகம் நண்டு அன்று, புற்று. வெளியே மண்மேடு, உள்ளே கண்ணுக்குப் புலப்படாத வழிகள், குடியிருப்பது கறையானா பாம்பா என்பது தெரியாது. அதே புற்றுக்குத் தமிழ்ப் பெண்கள் மஞ்சள் பூசிப் பால் வார்க்கின்றனர். புற்றை அம்மனாகவே வழிபடும் கோயில்கள் பல உள. அச்சத்துக்கும் வழிபாட்டுக்கும் ஒரே சொல் நிலைக்களமாவது நண்டு உருவகத்தில் இயலாத ஒன்று.

கதிர்வீச்சு மருத்துவத்திற்கோ மக்கள் தாமே பெயர் சூட்டிக்கொண்டனர். தமிழ்ப் பேச்சில் ‘கரண்ட் வைக்கிறது’. மலையாளப் பேச்சிலும் ‘கரண்ட்’ உண்டு. வங்கத்தில் ‘ரே’ கொடுத்தல்; இந்தியில் ‘சிகாயி’, அதாவது ஒத்தடம் கொடுத்தல். மின்சாரம், கதிர், ஒத்தடம் ஆகிய மூன்று பெயர்களும் மூன்று வெவ்வேறு அச்சங்களையும் ஆறுதல்களையும் தாங்கியுள்ளன. கரண்ட் என்று கேட்டவள் அதிர்ச்சியை எதிர்பார்த்து மேசையில் படுக்கிறாள். ஒத்தடம் என்று கேட்டவள் இதமான சூட்டை எதிர்பார்க்கிறாள். உண்மையில் அந்தச் சில நிமிடங்களில் எதுவும் உணரப்படுவதில்லை. உணரப்படாமையே பலருக்குப் பெரிய அச்சத்தைத் தருகிறது: எந்திரம் வேலை செய்ததா இல்லையா?

கண்ணகியை அழைத்தல்

இப்பொருளைத் தமிழாசிரியர் எவர் தொட்டாலும் கண்ணகி உடன் வந்து நிற்பாள். இடமார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தவள். மார்பும் தீயும் ஒருங்கே அமைந்த காட்சி. கருத்தரங்குகளில் மார்பகப் புற்றுநோய் பற்றிய படைப்பு எதனையும் கண்ணகியோடு இணைத்துப் பேசுவது வழக்கமாகி வருகிறது. இவ்வொப்புமை பொருந்தாது என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. கண்ணகியின் மார்பு அவள் கையில் ஆயுதம். எறிந்தவள் அவளே, எரிந்தது பிறருடைய நகரம். கதிர்வீச்சு மேசையில் படுத்திருப்பவளின் நிலை இதற்கு நேர்மாறானது. அவள் அசையக்கூடாது. தீ வெளியிலிருந்து அவள்மேல் வருகிறது. அவளைக் காப்பதற்காகவே வருகிறது. அவளிடம் வீரத்தை ஏற்றிக் கூறுவது, அவள் அழுதால் அதனைத் தோல்வியாகக் கொள்ளும் நிலைக்கு நம்மைக் கொண்டு நிறுத்தும். புறநானூற்று 278ஆம் பாடலில், மகன் புறமுதுகிட்டான் எனின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என வஞ்சினம் கூறும் முதிய தாய்க்கும் இதுவே பொருந்தும். மார்பு அங்கு மறக்குடியின் மானத்துக்குப் பிணையாக வைக்கப்படுகிறது.

சூசன் சான்டாக் 1978இல் வெளியிட்ட ‘நோய் என்னும் உருவகம்’ குறித்த நூலில் சொன்னதும் இதனோடு தொடர்புடையது. புற்றுநோய் பற்றிய பேச்சு முழுவதும் போர்க்கள மொழியாக உள்ளது என்றும், கதிர்வீச்சு வான்வழித் தாக்குதலின் சொற்களால் விவரிக்கப்படுகிறது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். 1975இல் தமக்கே மார்பகப் புற்றுநோய் கண்டிருந்தும் அந்நூலில் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் அவர் எழுதவில்லை. ‘மௌன வசந்தம்’ எழுதிய ரேச்சல் கார்சனும் அந்நூலை எழுதிய காலத்திலேயே மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர். 1962இல் நூல் வெளிவந்தபோதும் 1964இல் தாம் இறக்கும் வரையிலும் நோயைப் பொதுவெளியில் மறைத்தே வைத்திருந்தார். தோழி டோரதி ஃப்ரீமனுக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் அது பேசப்பட்டது. ஆட்ரி லார்ட் 1980இல் வெளியிட்ட புற்றுநோய்க் குறிப்பேடுகளே இம்மௌனத்தை நேரடியாக உடைத்தவை. செயற்கை மார்பு அணியாமல் மருத்துவரைக் காணச் சென்றபோது, அது பிற நோயாளிகளின் மனநிலையைக் கெடுக்கும் எனச் செவிலி கடிந்துகொண்டதை அவர் அதில் பதிவு செய்துள்ளார். ஒருத்தியின் உண்மை மற்றொருத்திக்குக் கேடு எனக் கருதும் இம்மனப்பாங்கு நம் வீடுகளுக்கும் புதிதன்று.

கண்ணகிக்கு மாறாக, நம் மரபிலிருந்து ஓர் உருவை நினைவுகூர வேண்டுமானால் நற்றிணை 216ஆம் பாடலில் வரும் திருமாவுண்ணியைக் கூறலாம். ஏதிலான் ஒருவன் செய்த துயரால் ஒரு மார்பை அறுத்துக்கொண்டவள் என்ற அளவில் மட்டும் மதுரை மருதன் இளநாகனார் அவளைக் குறிப்பிட்டு மேற்செல்கிறார். உரையாசிரியர்கள் அவளைக் கண்ணகியோடு ஒன்றாக்க முயன்றனர். அவளுடைய கதை முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு குறிப்பாக மட்டும் எஞ்சியிருப்பதில் அவள் நம் பொருளுக்கு மிக நெருங்கியவளாகிறாள்.

ஆற்றுப்படையாக ஒரு பேச்சு

டாலிகஞ்ச் என்னும் பெயர், 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆதிகங்கையைத் தூர்வாரி வாய்க்காலாக்கிய வில்லியம் டாலியால் வந்தது. வங்கத் திரைப்படத்தின் தாயகமாக அது பெயர் பெற்றது. 1986இல் சுரங்க இரயில் அங்கு வந்து சேர்ந்தது. அந்நிலையம் இன்று மகாநாயக் உத்தம் குமார் என்னும் நடிகர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து வடக்கே மூன்றாம் நிலையம் ஜதீன் தாஸ் பார்க். இறங்கினால் ஹாஜ்ரா; அங்கே சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம். அம்மருத்துவமனையை 1950 சனவரி 2ஆம் நாள் திறந்து வைத்தவர் ஐரீன் ஜோலியோ கியூரி. ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரியின் மகள். தாமும் கதிரியக்க ஆய்வில் நோபல் பரிசு பெற்றவர். 1956இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தவர். கதிர் கொல்வதும் காப்பதும் ஆகிய இரண்டுக்கும் சாட்சியான ஒருவர் அந்த வாயிலைத் திறந்தார் என்பது வரலாறு தற்செயலாக அமைத்த பொருத்தம். தென்மேற்கே தாக்கூர்புக்கூரில் மருத்துவர் சரோஜ் குப்தா 1973இல் தோற்றுவித்த மையமும், கிழக்கே ராஜர்ஹாட்டில் 2011 முதல் இயங்கும் டாடா மருத்துவ மையமும் இந்நகரப் பெண்கள் அறிந்த பிற திசைகள்.

கதிர்வீச்சு மருத்துவத்தின் தனித்தன்மை அதன் நாள்முறை. அறுவை ஒரு நாளில் முடிகிறது. வேதிமருத்துவம் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. கதிர்வீச்சோ திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும். நெடுங்காலம் வழக்கிலிருந்தது 25 அமர்வுகளில் 50 கிரே, அதாவது ஐந்து வாரம். மேசைமேல் இருக்கும் நேரம் சில நிமிடங்களே. வெளியே காத்திருப்பதோ பல நேரங்களில் மணிக்கணக்கில். ஏறத்தாழ ஒரே நேரத்துக்கு வருவோர் ஒரே முகங்களை நாள்தோறும் காண்கின்றனர். ஆகவே இங்கு கதை ஒரே மூச்சில் சொல்லப்படுவதில்லை. தொடர்கதை போல நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்கிறது. பத்தாம் நாளில் இருப்பவள் மூன்றாம் நாளில் இருப்பவளுக்குச் சொல்கிறாள். இருபதாம் நாளில் இருப்பவள் இருவருக்கும் சொல்கிறாள்.

ஆர்தர் ஃப்ராங்க் 1995இல் எழுதிய ‘காயமுற்ற கதைசொல்லி’ நோய்க்கதைகளை மூன்றாகப் பகுத்தது: நலமடைந்து பழைய நிலைக்கு மீளும் கதை, ஒழுங்கற்றுச் சிதறும் கதை, நோயைத் தேடலாக்கிக்கொள்ளும் கதை. பயனுள்ள பகுப்புத்தான். ஆனால் மூன்றிலும் கதையின் நடுவே நிற்பது ‘நான்’. காத்திருப்புக் கூடத்துப் பேச்சில் நடுவே நிற்பது ‘நீ’. ‘உனக்கு எந்தப் பக்கம்?’ என்பதே அதன் தொடக்கம். தன் கதை, கேட்பவளுக்கு வேண்டிய அளவில் மட்டும் எடுத்துத் தரப்படுகிறது. இவ்வடிவத்துக்குப் பெயர் தேட நாம் கடல் கடக்க வேண்டியதில்லை.

தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படையை வரையறுக்கிறது. கூத்தர், பாணர், பொருநர், விறலி என்போருள், சென்று பெற்று வந்தவர் இன்னும் பெறாதவரை வழியில் எதிர்ப்பட்டு, தாம் பெற்றதைக் கூறி அவரும் சென்று பெறுமாறு வழிப்படுத்துவது அது. பத்துப்பாட்டில் ஐந்து இவ்வகையின. வள்ளலின் புகழைப் பாடுவதே ஆற்றுப்படையின் நோக்கம் எனப் பாடநூல்கள் மாணவர்க்குக் கற்பிக்கின்றன. மலைபடுகடாத்தை ஊன்றிப் படிப்போர் அவ்வாறு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளில் பெரும்பகுதி நன்னனைப் பற்றியதன்று, வழியைப் பற்றியது. பன்றிக்கு வைத்த பொறி எங்குள்ளது, பாம்பு உறையும் குழி எங்குள்ளது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது, வழுக்கும் பாறையில் எதனைப் பற்றிக்கொள்வது, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என விரிகிறது அது. அச்சுறுத்தாமல் எச்சரிப்பதும், பொய் சொல்லாமல் ஊக்குவதும் அப்பாடலின் நடை.

இக்கட்டுரையாளர் 2022இல் டாலிகஞ்சில் வாழும் தம் சித்தியுடன் மூன்று வார காலம், 15 அமர்வுகளுக்கு, நகரின் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றுவர நேர்ந்தது. அங்குத் தரப்பட்ட அறிவுறுத்தல் தாளில் தமிழ் இல்லை, இருந்திருக்கவும் இயலாது. ஆனால் அத்தாளில் இல்லாத பலவும் பக்கத்து இருக்கைகளில் வங்கமும் இந்தியும் கலந்து கிடைத்தன. உடலில் மையால் இட்ட குறிகள் அழியாதபடி எப்படிக் குளிப்பது. கொக்கி வைத்த இறுக்கமான ரவிக்கைக்கு மாற்றாகப் பழைய பருத்தித் துணியில் தளர்வாகத் தைத்துக்கொள்வது. பவுடர், வாசனைப் பொருள், மஞ்சள் ஆகியவற்றை அந்தப் பக்கம் பூசாதிருப்பது. கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்க வேண்டியிருப்பதால், தோள் இறுகாதிருக்கச் சுவரில் விரல்களை மெல்ல ஏற்றிப் பழகுவது. கழுத்துச் சங்கிலியையும் தாலியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது. கடைசியாகச் சொன்னது சித்திக்கு எளிதாக இல்லை. சங்கும் இரும்புவளையும் அணிந்திருந்த வங்கப் பெண் ஒருவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டே அதனைக் கேட்டிருந்தார்.

பாம்புக்குழி போன்ற செய்திகளும் அப்பேச்சில் உண்டு. களைப்பு முதல் வாரத்தில் வராது, பிற்பகுதியில் வரும், உறங்கினாலும் தீராது, அதனைச் சோம்பல் என்று வீட்டில் சொல்லக்கூடும். தோல் கருத்தலும் உரிதலும் அக்குளிலும் மார்பின் அடிமடிப்பிலும் மிகும். மருத்துவம் முடிந்துவிட்டது என்று மகிழ்ந்து வீடு திரும்பிய பின்னரே, ஓரிரு வாரங்களில், அது உச்சத்தை அடையும். இதனை முன்னரே அறியாத பெண், ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது எனத் தனியே அஞ்சுகிறாள். சென்று திரும்பியவளால் மட்டுமே சொல்லக்கூடிய செய்தி இது. மருத்துவரும் சொல்லியிருப்பார், ஆனால் முதல்நாள் அச்சத்தில் கேட்ட சொல் காதில் நிற்பதில்லை. பேரக்குழந்தையைத் தூக்கலாமா, என் உடம்பிலிருந்து கதிர் அதன்மேல் பாயுமா என்ற ஐயமும் அடிக்கடி எழுவது. வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் உடலில் தங்குவதில்லை. குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். இவ்வையத்தை மருத்துவரிடம் கேட்க நாணியவர்கள் அங்கே ஒருவரையொருவர் கேட்டுத் தெளிந்தனர்.

இடப்பக்கம் நோயுற்றோர்க்கு இதயத்தைக் கதிரிலிருந்து விலக்க மூச்சை உள்ளிழுத்து நிறுத்தச் சொல்லும் முறை ஒன்று உண்டு. கனத்த கதவு மூடியபின் தனியறையில் ஒலிபெருக்கி வழியே குரல் வரும்: ‘ஷாஷ் நின், தோரே ராகுன்.’ மூச்சை இழுங்கள், நிறுத்தி வையுங்கள். அச்சொற்களைச் சித்திக்கு முன்கூட்டியே சொல்லி ஒத்திகை பார்க்கச் செய்தவர் அவருக்கு முந்திய முறைக்குரியவர். முப்பது ஆண்டுகள் வங்கத்தில் வாழ்ந்தும் சித்திக்குக் கடைமொழிதான் தெரியும். மூச்சுக்கான சொல்லைச் சந்தையில் கேட்டதில்லை.

விளிச்சொற்களும் நோக்கத்தக்கன. ஆற்றுப்படையில் வழிகாட்டுவோன் எதிர்ப்பட்டவனைத் தன் குடியினனாகவே விளிக்கிறான். பாணன் பாணனையே வழிப்படுத்துகிறான். காத்திருப்புக் கூடத்தில் ‘தீதி’ என்பதே விளி. வயதில் மூத்தவளும் இளையவளைத் ‘தீதி’ என அழைத்ததுண்டு. அங்கே மூப்பு வயதால் வருவதன்று, அமர்வு எண்ணிக்கையால் வருவது. தமிழ் மரபில் விறலியாற்றுப்படைகளும் உள. புறநானூற்று 64, 103, 105, 133ஆம் பாடல்கள் அத்துறையைச் சார்ந்தன. ஆயின் அவற்றில் விறலி பெரிதும் கேட்பவளாகவே நிற்கிறாள். இப்பேச்சில் வழி சொல்பவளும் கேட்பவளும் பெண்ணே. தமிழில் பெண் கதைசொல்லிக்கு முன்மாதிரி இல்லை என்பதன்று. அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ கதையில் வரும் தங்கம் அத்தை, இயல்பினின்று வேறுபட்டது எனப் பிறர் கருதும் தன் உடலைக் கதையாலேயே குழந்தைகளுக்கு உணர்த்துபவள். ஆனால் தங்கம் அத்தையின் மொழி உருவகத்தின் மொழி. காத்திருப்புக் கூடத்தின் மொழி உருவகத்தை விரும்புவதில்லை. எங்கே வலிக்கும், எவ்வளவு நாள், எதைப் பூசலாம் என்பதே அதன் இலக்கணம். சான்டாக் கேட்டுக்கொண்ட உருவகமற்ற பேச்சு இதுதானோ என எண்ணத் தோன்றுகிறது.

இவ்வடிவம் நாள்முறையைச் சார்ந்தது என்றோம். அந்நாள்முறை இன்று சுருங்கி வருகிறது. பிரிட்டனில் நிகழ்ந்த ஆய்வுகளின் முடிவுகள் 2008இல் வெளிவந்தபின் 15 அமர்வுகளில் 40 கிரே என்னும் மூன்று வார முறை பரவியது. 2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஒரே வாரத்தில் 5 அமர்வுகளில் 26 கிரே தருவது மூன்று வார முறைக்கு ஈடாக அமைவதைக் காட்டியது. இவ்விரு முறைகளையும் இந்தியப் பெண்களிடையே ஒப்பிடும் ஹைப்போர்ட் ஆய்வு கொல்கத்தாவின் டாடா மருத்துவ மையத்தின் தலைமையில் நிகழ்கிறது. நாள்கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கும், மாவட்டத்திலிருந்து வந்து நகரில் வாடகை அறையில் தங்கும் குடும்பத்துக்கும் இது எத்தகைய விடுதலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருபது நாள் மிச்சமாவதைக் காட்டிலும் பேச்சு பெரிதன்று. எனினும் ஐந்து நாளில் ‘தீதி’ ஆவதற்குள் வந்தவள் போய்விடுகிறாள். தொடர்கதைக்கு இடமில்லாத அந்நிலையில் வழி சொல்லும் பொறுப்பு துணைக்குழுக்களுக்குச் செல்கிறது. 1990களின் இடைப்பகுதி முதல் கொல்கத்தாவில் இயங்கிவரும் ஹிதைஷிணி போன்ற, நோயிலிருந்து மீண்ட பெண்களின் அமைப்புகள் இவ்வகையில் முக்கியமானவை. தமிழகத்திலோ தொடக்கமே பெண்கள் இயக்கத்திலிருந்து வந்தது: அடையாற்றுப் புற்றுநோய் நிறுவனத்தை 1954இல் தோற்றுவித்தது, மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் இந்திய மாதர் சங்கம் திரட்டிய நிதி. தம் தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்ட ஒரு பெண்ணின் உறுதி அதன் பின்னே இருந்தது.

திரும்பாதோர் குரல்

ஆற்றுப்படை என்னும் ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. அதனை மறைத்தால் இக்கட்டுரை தன் பொருளுக்கு நேர்மையற்றதாகிவிடும். ஆற்றுப்படையில் பேசுபவன் பெற்றுத் திரும்பியவன். வள்ளலிடம் சென்று வெறுங்கையோடு மீண்டவனுக்கும், வழியில் வீழ்ந்தவனுக்கும் அத்துறையில் இடமில்லை. பரிசில் நீட்டிப்பைப் பாடிய தனிப்பாடல்கள் புறநானூற்றில் உண்டு, ஆற்றுப்படை ஆகியதில்லை. மார்பகப் புற்றுநோய் பற்றிய பொதுப்பேச்சும் இவ்வாறே அமைந்துவிட்டது. மேடையேறுவோர் மீண்டவர்களே. நடிகை கௌதமி தம் 35ஆம் வயதில் கண்ட இந்நோயைப் பற்றி மறைக்காமல் பேசியதும், பின்னர் அதற்கென அறக்கட்டளை நிறுவியதும் தமிழ்ச் சூழலில் பெருந்துணிவு. பலர் பரிசோதனைக்குச் செல்ல அது தூண்டியது. இருப்பினும் அக்டோபர் தோறும் இளஞ்சிவப்பு நாடாவுடன் வரும் கதைகள் அனைத்தும் ஒரே முடிவை உடையனவாக இருக்கும்போது, வேறு முடிவை நோக்கிச் செல்பவள் தான் ஏதோ பிழை செய்துவிட்டதாகவே உணர்கிறாள். பார்பரா எஹ்ரன்ரைக் 2001இல் இம்மகிழ்ச்சிக் கட்டாயத்தைக் கடுமையாகச் சாடினார். தமக்கே இந்நோய் கண்டபின் எழுதியது அது.

நகைச்சுவையாலும் இக்கட்டாயத்தை எதிர்கொள்ளலாம். மலையாள நடிகர் இன்னசென்ட், தம் நோயையும் பின்னர் மனைவி ஆலிஸுக்கு வந்த மார்பகப் புற்றுநோயையும் குறித்துப் புற்றுநோய்ப் பிரிவின் சிரிப்பாக ஒரு நூலை எழுதிப் பெரும் வாசகரைப் பெற்றார். படிக்கத்தக்க நூல். ஆயினும் அதில் ஆலிஸ் கணவரின் சிரிப்பு வழியாகவே நமக்குத் தெரிகிறார்.

வங்கத்தில் இதற்கு வேறொரு சான்று உண்டு. யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியப் பேராசிரியராக விளங்கிய நபநீதா தேவ சென், டாலிகஞ்சுக்கு அணித்தாகிய ஹிந்துஸ்தான் பார்க்கில் ‘பாலோபாஷா’ என்னும் தம் இல்லத்தில் வாழ்ந்தவர். பெண்கள் வாய்மொழியாகப் பாடிய இராமாயணங்களில் சீதையின் துன்பமே காப்பியமாக நிற்பதை எடுத்துக்காட்டிய ஆய்வாளர் அவர். ‘ரோப்பார்’ என்னும் வார இதழில் அவர் தொடர்ந்து எழுதிய பத்தியின் இறுதிப் பகுதிகளில், தமக்குப் புற்றுநோய் முற்றிவிட்டதையும், அதனைக் கேட்டு ஓடிவந்து அழுவோரையும் எள்ளி நகையாடினார். 2019 நவம்பர் 7ஆம் நாள் 81ஆம் வயதில் மறைந்தார். அவருடையது மார்பகப் புற்றுநோய் பற்றிய எழுத்தன்று. ஆனால் திரும்பி வராத பயணத்திலிருந்து, வழியில் நின்றபடியே பின்னால் வருவோரை நோக்கிப் பேசிய குரல் அது. பரிசில் பெறாதவரும் வழி சொல்லலாம் என்பதற்கு நவீன இந்திய இலக்கியத்தில் அதனினும் தெளிவான சான்றை இக்கட்டுரையாளர் அறியார். அழாதே என்றும் அவர் சொல்லவில்லை, போராடு என்றும் சொல்லவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பும் வீட்டுக்காரியின் தொனி அதில் உள்ளது.

கதிர்வீச்சு முடிந்தோர் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்கு வருவர். ஐந்து நாளில் முடித்தவளும் ஐந்து வாரம் வந்தவளும் அங்கே ஒரே வரிசையில் அமர்கின்றனர். முதற்கூடத்தின் பேச்சு ‘உனக்கு எந்தப் பக்கம்?’ என்று தொடங்கியது. இங்கோ, அன்று உடன் இருந்தவர்களில் யார் வரவில்லை என்ற விசாரிப்பிலிருந்து தொடங்குகிறது. தேதி மாற்றி வாங்கியிருப்பாளா, ஊர் போயிருப்பாளா, கைபேசி எண் யாரிடமாவது உள்ளதா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்கின்றனர். மேலாய்வு தொடங்க வேண்டிய இடம் இப்பேச்சே. இதற்குத் தொல்காப்பியத்தில் துறை இல்லை.